உன் கை அளவு

எல்வாங்கன்,
அக்டோபர், ஞாயிறு மதியம்

அன்புள்ள ரோஸ்விதா,

இங்கே நலம். அங்கே கீல் நகரத்தில் நீயும் உன் அக்கா கிஸெலாவும் நலமாக இருக்க வேண்டும். கடற்காற்று உன் மூட்டுவலிக்கு ஆகாது, கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே. தோட்டத்து ஆப்பிளைப் பறித்துச் சாறு பிழியக் கொடுத்துவிட்டேன். நீ செய்து வைத்துவிட்டுப் போன மவுல்டாஷன் கொழுக்கட்டையெல்லாம் தீர்ந்துபோயிற்று. நானே செய்து பார்த்தேன். சூப்பில் போட்டதும் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டன.

ஃபோன் செய்தால் கிஸெலாதான் எடுக்கிறாள். நீ நடக்கப் போயிருக்கிறாய் என்கிறாள். இந்தக் குளிரில் எவ்வளவுதான் நடப்பாய்? அதனால்தான் எழுதுகிறேன்.

மாவட்டப் போட்டிக்குப் பிறகு துப்பாக்கி சுடும் சங்கத்துப் பக்கம் போக எனக்கு முகமில்லை. போன வாரம் துணிந்து போனேன். தலைவர் லோதார் பீரைக் கீழே வைத்துவிட்டு, "என்னப்பா எகோன், ஒரு துப்பாக்கி ரெண்டு பேருக்குப் போதும்னு ஊருக்கே பாடம் எடுத்தியே, இப்ப ஆள் ஒண்ணாயிடுச்சு, கணக்கு சரியா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பாடம் எடுத்தவன்தான் நான். இன்னொரு துப்பாக்கி எதற்கு, அடிப்பாகம் ஒன்று இருக்கிறது, மேலே மாட்டும் குழலை மட்டும் மாற்றினால் போதாதா என்றேன். உன் சின்னக் குண்டுக்கு ஒரு குழல், என் பெரிய குண்டுக்கு ஒரு குழல். அதே விசை, அதே பிடி. காலையில் நீ, மதியம் நான். அன்றைக்கென்று இலக்குகளைத் திருப்பும் இயந்திரம் பழுதாகி, காலைச் சுற்று தள்ளிப்போய், நம் இரண்டு சுற்றையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள்.

இப்படி எழுதுவதும் சால்ஜாப்புதான். இயந்திரமா உன் வாய்ப்பைப் பிடுங்கியது? இந்த வருஷம் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகும் அளவுக்குச் சுட்டுக்கொண்டிருந்தவள் நீ. நான் கடைசிக்கு முந்தின இடத்துக்காரன். வெறும் குழலைக் கையில் வைத்துக்கொண்டு நீ நின்றாய். யார் சுடப்போகிறீர்கள் என்று நடுவர் கேட்டார். "துப்பாக்கி என் பேர்ல இருக்கு" என்றேன், அத்தனை பேர் முன்னால்.

நீ கத்தவில்லை. "எடுத்துக்கோ எகோன், உன் கைக்குச் செஞ்சதுதானே" என்றாய். ஏதோ கோபத்தில் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று உன் குழலுக்கு எண்ணெய் போட எடுத்தேன். பையின் ஓரத்தில் உன் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது. உள்ளே மெல்லிய தோல் துண்டுகள், பின்னால் பசையோடு. பிடியில் வைத்துப் பார்த்தேன். என் உள்ளங்கை நிறைக்கிற பள்ளங்களில் கச்சிதமாக உட்கார்ந்தன. உன் கைக்குப் பிடி பொருந்த ஒவ்வொரு முறையும் இவற்றை ஒட்டிச் சுட்டுவிட்டு, என்னிடம் தருவதற்கு முன்னால் உரித்துத் துடைத்திருக்கிறாய். நானோ, பிடி பிசுபிசுக்கிறது, கையில் கிரீம் பூசிக்கொண்டு தொடாதே என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். நீ வாயே திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கத்தான் நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியும்.

லோதாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தோல் துண்டு உட்பட. தேவைதான் என்று சங்கம் எழுதிக் கொடுத்தால்தானே தனித் துப்பாக்கிக்கு அனுமதி? ரோஸ்விதா கேட்டால் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் அவர். அந்தத் துப்பாக்கி உன் பேரில்தான் இருக்கும். எதை வாங்குவது என்பதிலும் நான் மூக்கை நுழைக்கமாட்டேன்.

பிடி செதுக்கும் வெண்டலினைப் பார்த்து உனக்கென்று ஒரு பிடி கேட்டேன். உன் கை எவ்வளவு பெரிது என்று கேட்டான். காட்டலாம் என்று என் கையைத் தூக்கினேன். முப்பது வருஷமாகப் பிடித்து நடந்த கை, ரோஸ்விதா. எனக்குக் காட்டத் தெரியவில்லை.

இதோடு ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். வலது கையை அதில் விரித்து வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. வேறு எதுவும் எழுதத் தோன்றாவிட்டால் எழுத வேண்டாம். கோடு மட்டும் வந்தால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
எகோன்