கேட்காமல் மூடிக்கொண்ட கடிதம்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலியும் அத்தையின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் கூட்டித் துடைக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில், கம்ப்யூட்டரோடு கூடவே வரும் எழுதுகிற செயலியை எடுத்துவிட்டுப் புதியது வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அது ஊருக்கெல்லாம் போக வேண்டும்.

“அக்கா, ஒரு லெட்டர் அடிச்சுப் பாருங்க” என்றாள் நேற்று இன்ஜினியர் பெண். ஒற்றை விரலால் ஒரு பக்கம் அடித்தேன். முழுக்க உங்கள் புகழ்தான். மூடினேன், காணோம்!

“ஐயோ, பழசு மூடுறப்ப ‘சேமிக்கவா’ன்னு கேக்கும். இதுல வைக்க மறந்துட்டோமே!” என்றாள். அவர்கள் நாலு வரிக்கு ஒருதரம் தாங்களே சேமிக்கிறவர்கள். அதனால் புதியது கேட்காததை ஒருவரும் கவனிக்கவில்லை.

“என் புருஷனப் புகழ்ந்தா அதுக்கே பொறுக்கல போல” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இன்று சரிசெய்து, மறுபடி அடிக்கச் சொன்னார்கள். அந்தப் புகழ் திரும்ப வரவில்லை, மன்னியுங்கள். வாசல் கதவுக்கு மட்டும் எண்ணெய் போட்டுவிடாதீர்கள். போனில் அந்தக் கிறீச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

இன்ஜினியர் பெண் நகத்தைக் கடித்தபடி பின்னால் நிற்கிறாள். மூடப்போகிறேன். இது உங்கள் கைக்கு வந்தால், ‘சேமிக்கவா’ என அது கேட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாயாடி