ரெக்கார்டு நோட்டின் நாற்பத்தொன்றாம் பக்கம்

இனயம்
30-1-2026, இரவு

அன்புள்ள லிஜின் அண்ணனுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு. அம்மா தூங்கிய பிறகு கதவைத் தாழிட்டு எழுதுகிறேன். போனில் கேட்க முடியாது. நீ பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கவைக்கிறாள்.

உங்கள் லேப் 120-ஆம் தனிமத்தை உண்டாக்கிவிட்டதாக ஞாயிறு பூசையில் ஃபாதர் அறிவித்தார். குருசடிச் சிலுவைக்குப் பக்கத்தில் உன் படத்தோடு ஃபிளெக்ஸ் நிற்கிறது. அப்பா ஆழ்கடலுக்குப் போயிருப்பதால் இன்னும் பார்க்கவில்லை. வியாகுலம்மாள் மாமி, செய்ததை எங்கே வைத்திருக்கிறான் என்று கேட்டாள். ஒரே ஓர் அணு, கண் இமைக்கும் முன்னே அழிந்துவிடும் என்றேன்.

"பின்ன இருந்துதுன்னு எப்படிட்டி தெரியும்?" என்றாள்.

அதைத்தான் நானும் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீதான் சொல்லித்தந்தாய். சுழலும் கலிபோர்னியம் தகட்டின்மேல் மாதக்கணக்கில் டைட்டானியம் அணுக்களை அடிக்க வேண்டும். கோடிகோடி மோதலில் எல்லாம் உடைந்துபோகும். ஒன்று ஒட்டினால், அது காந்தங்களைத் தாண்டி வந்து கட்டம் கட்டமாகப் பிரித்த சிலிக்கான் தட்டில் ஏதோ ஒரு கட்டத்துக்குள் புதையும். அதே கட்டத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஆல்ஃபா துகள்கள் வந்து, அந்த வரிசை தெரிந்த தனிமங்களில் போய்ச் சேர்ந்தால்தான் நம்பலாம். உன் கணினியில் இருந்த உங்கள் லேப் பதிவின் எண்களை நீ வாசித்தாய். வேறு தாள் இல்லாமல் என் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டில் எழுதினேன்.

அதில் இருப்பது இரண்டே ஆல்ஃபா. "ரெண்டு தற்செயலாவும் வரும் மக்கா, இது போதாது" என்று நீயே சொன்னாய். லேப் வெளியிட்ட அறிக்கையில் அதே நாள், அதே நேரம், அதே கட்டம். ஆனால் ஐந்து இருக்கிறது. மூன்று எங்கிருந்து வந்தது?

பதிலை மண்டைக்காட்டில் என் தோழி லட்சுமிப்ரியா வீட்டுக்கு அனுப்பு.

உன் தங்கை,
சிந்தியா

*

10-2-2026

அன்பு மக்கா சிந்தியா,

இங்கே பனி கொட்டுகிறது. அம்மா தந்துவிட்ட கருவாடு தீர்ந்துவிட்டது. பரீட்சைக்குப் படிக்கிறாயா, இல்லை ராத்திரியெல்லாம் அண்ணனைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறாயா?

நீ எழுதியது பழைய பட்டியல். அதன்பிறகு கருவியின் அளவுகளைத் திருத்தினோம். என்னோடு லேபில் படிக்கும் அஸ்வதி எழுதிய புரோகிராமில் மறுபடி தேடியபோது மீதி மூன்றும் கிடைத்தன. உனக்கு இதெல்லாம் புரியாது. எட்டு மாதம் டைட்டானியம் கற்றையை ஓட்டியும் ஒன்றும் வரவில்லை என்றால் என்ன ஆகும் தெரியுமா? மறுபடி அந்தத் தகடு கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. வேறு யாராவது பார்த்தார்களா? போட்டோ எடுத்தாயா? லட்சுமிப்ரியாவிடம் சொன்னாயா? யார் போனில் கேட்டாலும் தெரியாது என்று சொல். மார்ச் 14 வருகிறேன். மற்றதை நேரில் பேசுவோம்.

பாசமுள்ள அண்ணன்,
லிஜின்

*

இனயம்
26-2-2026, இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். யார் பார்த்தார்கள் என்று நாலு விதமாகக் கேட்டிருக்கிறாய். நான் தப்பாக எழுதியிருப்பேனோ என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அஸ்வதி அக்கா அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டார்கள். மலையாளத்தில் பேசியதும் அம்மாவுக்கு வேறு நினைப்பு. கோயிலுக்குப் போவாளா, மீன் வைக்கத் தெரியுமா என்று விசாரித்துவிட்டுத்தான் என்னிடம் தந்தாள். அந்த அக்கா அழுதார்கள். மூன்று ஆல்ஃபாவும் யாரோ சேர்த்தவை என்று லேபில் கண்டுபிடித்துவிட்டார்களாம். தன் புரோகிராமைக் காட்டித் தன்மேல் பழி போடுகிறார்களாம், படிப்பை நிறுத்தி அனுப்பிவிடுவார்களாம். லிஜின் வீட்டில் பழைய பட்டியல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். நீ சொன்னபடியே தெரியாது என்றேன்.

"சாரமில்ல மோளே" என்று, பரவாயில்லை என்பதுபோலச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஸ்கேலை வைத்துப் பக்கத்தைக் கிழிக்கவும் பார்த்தேன், அண்ணா. நீ ஒன்றை மறந்துவிட்டாய். ரெக்கார்டு நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் எண் இருக்கும், சார் கையெழுத்தும் தேதியும் இருக்கும். உப்புப் பகுப்பாய்வு என்று நினைத்து யேசுரத்தினம் சார் சிவப்பு மையில் 'குட்' போட்டு, ஜனவரி 9 என்று தேதியிட்டிருக்கிறார். புரோகிராமில் தேடும் முன்னே இரண்டுதான் இருந்தது, அது உனக்கும் தெரியும் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

இன்று நோட்டைச் சாரிடமே கொண்டுபோனேன். அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தன் தப்பு என்றார். நோட்டை அவர் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். அவர் போனிலிருந்தே பக்கத்தின் படத்தை அஸ்வதி அக்காவுக்கு அனுப்பிவிட்டேன்.

லேபில் உன்னைக் கேட்பதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிடு. ஃபிளெக்ஸைக் கழற்றினால் கழற்றட்டும். அப்பா வந்ததும் நானே அவரிடம்

வாசலில் யாரோ தட்டுகிறார்கள். அம்மா எழுந்து போகிறாள்.

உன் குரல் கேட்கிறது. மார்ச்சில்தானே வருவதாக எழுதியிருந்தாய். அம்மாவிடம் சாப்பாடு வேண்டாம் என்கிறாய். என் ரெக்கார்டு நோட்டு எங்கே என்று கேட்கிறாய். இப்போது என் கதவைத்