மேசைக்கு அந்தப் பக்கம்

டாண்டினாங்

அம்மாவுக்கு மஜோக்கின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

கோழித் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். வேறு வேலை கிடைத்துவிடும், கவலை வேண்டாம். சனிக்கிழமை நம் தென்சூடான் சங்கத்தில் இல்லாதவர்களுக்கு மாவும் பருப்பும் கொடுத்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். பின்னால் அவியேன் அத்தை வருவதைப் பார்த்ததும் மானம் போனது போலிருந்தது. சட்டென்று மேசைக்கு அந்தப் பக்கம் போய், பைகளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

“அடேயப்பா, சங்கத்துல பெரிய ஆளாயிட்டியே! உங்கம்மாகிட்ட சொல்றேன் இரு” என்றார் அத்தை, தன் பையை வாங்கிக்கொண்டே. கடைசிப் பையும் என் கையாலேயே போனது.

சாயங்காலம் கதவைத் திறந்தால், வாசலில் அத்தையின் பை. பிரிக்கவேயில்லை.

இதைக் கொண்டுவரும் அண்ணனிடம் வெண்டைக்காய்ப் பொடி கொடுத்தனுப்புங்கள், அத்தைக்கும் சேர்த்து. அண்ணன் கிளம்பிவிட்டார், முடிக்கிறேன். அத்தை என் பெருமையைச் சொன்னால், நம்புவது போலவே கேட்டுக்கொள்ளுங்கள்.

மஜோக்