நெட்டையின் கழுத்தைப் பிடிக்கும் தபால்காரர்

மார்ச் 3

அன்பு நெட்டைக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்ற பிறகு நானே எழுதும் முதல் கடிதம் இது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை! உன் கடிதத்தையும் பக்கத்து வீட்டுக்காரர் உதவியில்லாமல் நானே படித்தேன்.

படித்த பிறகுதான் வயிறு எரிந்தது. உன் மருமகன் நடத்தும் ஜியு-ஜிட்சு மல்யுத்த வகுப்பில் நீ சேர்ந்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அந்த ஓய்வுபெற்ற தபால்காரர்! அவர் பிடி, அவர் பொறுமை! கிடங்கில் மூட்டை தூக்கிய காலமெல்லாம் உன் கழுத்தைப் பிடித்து உருள நான் ஒருவன்தானே இருந்தேன்?

நானும் சேர்ந்துவிட்டேன். டயர் கடை மாடியில் வகுப்பு. என் எடையில் பாதிகூட இல்லாத தையல்காரம்மா, என் கையைத் தன் கால்களுக்கிடையே மாட்டி நீட்டினார். வலித்தால் எதிராளியைத் தட்ட வேண்டும், உடனே விட்டுவிடுவார்கள். "தட்டுங்கண்ணே, தட்டுங்க!" என்று அவரே கத்தினார். அந்தத் தபால்காரர் தட்டுவாரா என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன். முழங்கை வீங்கிவிட்டது. எழுத்தின் கோணலில் பாதி அதனால்.

உன்,
கட்டையன்

மார்ச் 11

அடேய் கட்டையா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. முழங்கை வீங்கிய கதையைப் படித்ததும் உன்னைத் திட்டினேன்.

தபால்காரர் தட்டாத நாளே கிடையாது. "தட்டினாத்தானய்யா மறுபடியும் ஆரம்பிக்க முடியும்?" என்பார். கீழே மாட்டிக்கொண்டால் நம்மைப் போல முட்டித் தள்ள மாட்டார். முதலில் மூச்சை நிதானமாக்குவார், பிறகு இடுப்பை நகர்த்துவார். நாம் பாரத்தைக் கண்டாலே தூக்கிப் பழகியவர்கள்; நமக்கு அது லேசில் வராது.

வம்புக்காக உன் கடிதத்தை அவரிடம் காட்டினேன். சீக்கிரம் திருப்பித் தரவில்லை. "ஊருக்கெல்லாம் கொண்டுபோய்க் குடுத்தேன். எனக்குன்னு யாரும் இப்படி மெனக்கெட்டு எழுதினதில்ல" என்றார். அன்றைக்கு என் கழுத்தை வழக்கத்தைவிட இறுக்கினார்.

நெட்டை

மார்ச் 20

மதிப்புக்குரிய தபால்காரர் அவர்களுக்கு,

இந்த வாரம் நெட்டைக்குக் கடிதம் கிடையாது. கேட்டாலும் இதைக் காட்டாதீர்கள், கொஞ்சம் வேகட்டும்.

உங்கள்மேல் எனக்குப் பொறாமை. இன்னும் போகவில்லை. ஆனால் நேற்று தையல்காரம்மா அதே பிடியைப் போட்டதும், வலிக்கும் முன்பே தட்டிவிட்டேன். "அப்பாடா, அண்ணனுக்குக் காது கேட்டுடுச்சு!" என்றார். மாடியே சிரித்தது. கையை எங்கே பறிகொடுத்தேன் என்று பிறகு பொறுமையாகக் காட்டினார். அடுத்த ஆட்டத்தில் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன்; கழுத்தைப் பிடித்தார். மறுபடியும் தட்டினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை.

ஒரு விஷயம். நெட்டையின் இடது முழங்கால் சரியில்லை. வெளியே சொல்ல மாட்டான். கிடங்கில் எனக்குக் காய்ச்சலான அன்று என் மூட்டைகளையும் சேர்த்துத் தூக்கி வாங்கிக்கொண்ட அடி அது. அந்தப் பக்கம் பாரம் போடும்போது மெதுவாக. இது இதுவரை எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனாலும் அடுத்த வாரம் உங்கள் பெயருக்கே இன்னொன்று போடுகிறேன். தபால் வரும் நேரத்தில் வாசலில் இருங்கள்.

இப்படிக்கு,
கட்டையன்