ரிவர்ஸ் போடும்போது இறங்கி ஓடியவள்

போன இடத்திலும் யாரையாவது ஓரங்கட்டச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் என் மாமாவுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஹெவி லைசென்ஸ் கிடைத்துவிட்டது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். அட்டையில் இருக்கிற போட்டோவில் கோழி திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி முழிக்கிறேன். ஆனாலும் அதில் இருப்பது என் பெயர்தான். பக்கத்திலேயே உங்கள் பெயரும் இருக்கிறது.

நீங்கள் போனபிறகு இது இரண்டாவது அறுவடை. சோறு சாப்பிட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் சாஞ்சிக்கிறேன் தேவகி" என்று சொன்னவர் எழுந்திருக்கவே இல்லை. பால் வாங்கப் போவதென்றாலும் வண்டிச் சாவியைத் தேடுகிற மனுஷர், அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் லாரியைப் பக்கத்து மனையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டீர்கள். அதற்கு அப்புறம் அந்த லாரியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆரம்பத்தில் சம்பளத்துக்கு டிரைவர் வைத்துப் பார்த்தோம். முதலில் வந்தவர் தங்கமான மனிதர், ஆனால் டீக்கடை கண்ணில் பட்டால் வண்டி தானாக நின்றுவிடும். பெருநகர் கிராமத்திலிருந்து உத்திரமேரூர் வருவதற்குள் அவருக்கு வழியில் எத்தனை சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்கிறீர்கள்! அவருக்குப் பிறகு வந்தவர், லோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நம் லாரியில் தன் மச்சினி கல்யாணத்துக்குச் சீர்வரிசையையும் ஜனத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வண்டி திரும்பி வந்தபோது முன்னால் மாலை தொங்கியது, உள்ளே சந்தன வாசனை அடித்தது. "மங்களகரமாத்தானே கீது அக்கா" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். அதோடு அவரும் நின்றார், லாரியும் நின்றது.

நின்ற லாரியைப் பார்க்க உங்கள் தம்பி தேசிங்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என் இடுப்பிலேயே உதை விழுந்த மாதிரி இருந்தது. "ஓட்ட ஆள் இல்லாத வண்டி நின்னுக்கினே துரு புடிச்சிப் பூடும் அண்ணி. நல்ல பார்ட்டி, குடுத்துடலாம்" என்றான் தேசிங்கு. அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த லாரியை விட்டால் எங்களுக்குப் பிழைப்பு ஏது? அதைவிட, உங்களை இரண்டாம் தடவை வாசலோடு அனுப்பிவைக்க எனக்குத் தெம்பு இல்லை.

"ஓட்ட ஆள் இல்லன்னு யாரு சொன்னா? நான் ஓட்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

உங்கள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். முறம் அப்படியே நின்றுவிட்டது. "இன்னாமே சொல்ற? நீ மொபட் எடுத்தாலே தெருவுல கீற நாயெல்லாம் வூட்டுக்குள்ள ஓடுது. உனுக்கு லாரியா?" என்றார்கள். தேசிங்கு சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டான். டயரை உதைத்தவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாயங்காலம் போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் உங்களை நினைத்துக்கொண்டேன். சைக்கிள்கூட சொந்தமாக இல்லாத எனக்கு, மொபட் லைசென்ஸோடு சேர்த்துக் கார் லைசென்ஸும் வாங்கி வைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "கார் ஓட்டக் கத்துக்கினு நான் இன்னா பண்றது?" என்று அன்றைக்கு உங்களோடு எப்படிச் சண்டை போட்டேன்! "கெடந்துட்டுப் போவுது, அது இன்னா சோறா கேக்குது?" என்றீர்கள். அந்த அட்டை பீரோவில் கிடந்ததால்தான் நான் நேராக ஹெவிக்கு எழுதிப்போட முடிந்தது. தெரிந்துதான் செய்தீர்களா? கேட்டால் நீங்கள் பதிலா சொல்லப் போகிறீர்கள்.

டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிற பையன் பெயர் பாபு. மீசை இப்போதுதான் அடர்த்தியாக வருகிறது. நான் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டான். நான் கும்பிட வேண்டியதை நீ ஏன் கும்பிடுகிறாய் என்று கேட்டேன். "பக்கத்துல குந்தப் போறது நான்தானேக்கா" என்றான். புடவையோடு அந்த உயரத்துக்கு ஏற முடியவில்லை என்று சுடிதாருக்கு மாறினேன். நான் லாரி ஓட்டப் போவதைக்கூட உங்கள் அம்மா பொறுத்துக்கொண்டார்கள், அந்தச் சுடிதாரைத்தான் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

ஆனால் ஓட்டுவது எனக்கு வந்தது, மாமா. இத்தனை வருஷம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே கியர் மாற்றுகிறீர்கள், எங்கே காலை எடுக்கிறீர்கள் என்று பார்த்துக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன் அல்லவா, அதெல்லாம் வீண் போகவில்லை. பாபுவே, "நீங்க முன்னாடியே ஓட்டியிருக்கீங்களாக்கா?" என்றான். வாயால் ஓட்டியிருக்கிறேன் என்றேன்.

டெஸ்ட் நாள் வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் மைதானத்து ஓரத்தில் நின்றிருந்தார். பாபு என் பக்கத்தில். முன்னால் போகச் சொன்னார், போனேன். வளைத்துத் திருப்பச் சொன்னார், திருப்பினேன். வரிசையில் நின்றிருந்த பையன்கள் செல்போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது. பிறகு இன்ஸ்பெக்டர் கையைப் பின்பக்கம் காட்டி, "ரிவர்ஸ் எடுங்கம்மா" என்றார்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். கதவைத் திறந்தேன். கீழே குதித்தேன். லாரியின் பின்னால் ஓடிப்போய் நின்று, வலது கையை ஆட்டிக்கொண்டு, நம் தெரு முழுக்கக் கேட்குமே அந்தக் குரலில், "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... நேரா வுடு... வரட்டும்!" என்று கத்தினேன்.

பின்னே என்ன செய்வது? எத்தனை வருஷத்துப் பழக்கம்! சாயங்காலம் தெருமுனையில் உங்கள் ஹாரன் கேட்டால், குழம்புக் கரண்டியோடு வாசலுக்கு ஓடிவருவேன். ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் கரண்டுக் கம்பம். நடுவில் அந்த லாரியை நான் சொல்லச் சொல்லத்தானே பக்கத்து மனைக்குள் விடுவீர்கள்? ரிவர்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் பின்னால் நிற்க வேண்டும், நீங்கள் உள்ளே இருக்க வேண்டும்.

நான் கத்தினேன். லாரி வரவில்லை. இன்னும் சத்தமாகக் கத்தினேன். அப்போதுதான் டிரைவர் சீட்டில் யாரும் இல்லை என்று புரிந்தது.

மைதானமே சிரித்தது. பாபு ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, டிரைவர் நீங்கதான்க்கா!" என்று அழாத குறையாகச் சொன்னான். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் வந்து, "யாருக்கும்மா சைடு சொன்னீங்க?" என்று கேட்டார். "எங்க வூட்டுக்காரருக்கு சார்" என்றேன். என் நெற்றியை ஒருமுறை பார்த்தார். "ஹேண்ட் பிரேக் சரியாப் போட்டிருந்தீங்க. அடுத்த தடவை உள்ளேயே உட்கார்ந்திருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். உங்கள் காரியத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை, மாமா. அந்த லாரிக்குப் பின்னால், டயர் மறைவில் நின்று அழுதேன்.

பையன்கள் எடுத்த வீடியோ நான் வீடு வந்து சேர்வதற்குள் ஊருக்கு வந்துவிட்டது. ஹாஸ்டலில் இருக்கிற நம் பெண்ணுக்கே யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "சூப்பர் வாய்ஸ்ம்மா" என்றாள், அப்புறம் அவளும் அழுதாள். தேசிங்கு அந்தப் பார்ட்டியை வரச்சொல்லிப் போனை எடுத்துவிட்டான். அவனைத் தடுத்தது யார் தெரியுமா? உங்கள் அம்மாதான். "இன்னொரு தபா போவட்டும்டா. அப்பவும் வரலன்னா வித்துடு. நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார்கள். சுடிதாரைத் துவைத்து மடித்துவைத்ததும் அவர்கள்தான்.

அப்புறம் பாபு எனக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தான். சீட் பெல்ட்டைப் போட்டு, கதவின் கைப்பிடியையும் கயிற்றால் கட்டிவிட்டு, "இப்ப எறங்குங்க பாப்போம்" என்றான். "கண்ணாடிய நம்புங்கக்கா" என்று நூறு தடவை சொல்லியிருப்பான். எனக்குக் கண்ணாடியில் நம்பிக்கை வரவில்லை. ஒரு குரல் கேட்டால்தான் வண்டி நகரும் என்று என் புத்தியில் ஊறிப்போயிருக்கிறது. கடைசியில் நானே உள்ளே உட்கார்ந்து எனக்கே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன். அப்படிச் சொன்னதும் வண்டி நூல் பிடித்த மாதிரி பின்னால் போனது.

இரண்டாம் தடவையும் அதே இன்ஸ்பெக்டர். ரிவர்ஸ் என்று சொல்லிவிட்டு அவர் டயரைப் பார்க்கவில்லை, என் பக்கத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறக்கவில்லை. நான் உள்ளே முணுமுணுத்துக்கொண்டே விட்டேன். கோட்டுக்குள் நின்றது. "யார்கிட்ட பேசிட்டு வந்தீங்க?" என்றார். "என்கிட்டயேதான் சார்" என்றேன். பாஸ் போட்டார்.

நம் லாரியில் ஏறி உட்கார்ந்தால் கிளட்ச் எனக்கு எட்டவில்லை. சீட்டை முன்னால் தள்ள மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். உங்கள் கால் நீளத்துக்கே அது துருப்பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிச் சுத்தியலால் தட்டி நகர்த்தினார். அடியிலிருந்து பீடிக் கட்டுகள் விழுந்தன. பீடியை விட்டுவிட்டேன் என்று அம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணினீர்களே, அதைக் கேட்ட அம்மனும் நானும் ஏமாந்தோம். அன்றைக்கு நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் என்னிடம் என்ன வாங்கியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் வந்தும் தேசிங்கு அடங்கவில்லை. "லைசென்ஸ் வேற, லோடு வேற அண்ணி. ஒரு லோடு ஒழுங்கா கொண்டும்போய் எறக்கிட்டா, நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றான். பார்ட்டியையும் அதுவரை பொறுக்கச் சொல்லியிருந்தான். வேவு பார்க்கவோ என்னவோ, அவனே கிளீனராக வந்து உட்கார்ந்தான். பெருநகர் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை ஏற்றி, காஞ்சிபுரம் பக்கத்து அரிசி ஆலைக்குக் கிளம்பினோம். பாலாற்றுப் பாலத்தில் அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா அண்ணி, மெதுவா" என்று வந்தான். எனக்கு உங்கள் கஷ்டம் அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் ஒருத்தர் இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தால் எவ்வளவு பேஜார்!

ஆலை வாசலில் வாட்ச்மேன் எட்டிப்பார்த்து, "டிரைவர் எங்கம்மா பூட்டாரு?" என்றார். "இங்கதான் கீறேன்" என்றேன். செய்தி உள்ளே போய்விட்டது. மூட்டை இறக்குகிற மேடையை ஒட்டிப் பின்னால் விட வேண்டும். லோடுமேன்கள், சமையல்காரர், வாட்ச்மேன் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு கையை ஆட்டுகிறார்கள். ஒருத்தர் லெஃப்ட் என்கிறார், ஒருத்தர் ரைட் என்கிறார், இன்னொருத்தர் எதற்கும் இருக்கட்டும் என்று நிறுத்தச் சொல்லி ஹோல்டேன் என்கிறார். ஒரு பொம்பளை லாரிக்கு வழி சொல்ல ஊரில் இத்தனை நிபுணர்கள் இருப்பது எனக்குத் தெரியாது. எஞ்சினை அணைத்தேன். "ஒருத்தர் மட்டும் சொல்லுங்க, இல்லன்னா இப்டியே நின்னுக்கினு இருப்பேன்" என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. தேசிங்கு இறங்கிப் போனான்.

கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். கையைத் தூக்கினான், "வாங்க அண்ணி, வரட்டும்" என்றான். பாதி தூரம் வந்திருப்பேன், அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அந்தப் பார்ட்டிதான். ஒரு கையால் எனக்கு வழி காட்டிக்கொண்டே பேசினான். ஆலையே கேட்கிற மாதிரிதான் அவன் பேசுவான், உங்களுக்குத் தெரியுமே.

"வண்டி குடுக்கறதுக்கு இல்லப்பா. ஓட்ட ஆள் கீறாங்க. யாரா? எங்க அண்ணிதான். ரிவர்ஸ்ல கீறாங்க, பின்னால நான்தான் நிக்கிறேன். வையி போனை!"

என் கண்ணில் தண்ணீர் நிறைந்து கண்ணாடியில் தேசிங்கு இரண்டு பேராகத் தெரிந்தான். இரண்டு பேரும் என்னை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் இடிக்காமல் நிறுத்திவிட்டேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மாமா. இந்த லாரி நம் வீட்டை விட்டுப் போகாது. உங்களை மாதிரி ஓட்டுவேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். உங்களைவிட நன்றாக ஓட்டுவேன். அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு நீங்கள் சண்டைக்கு ஒரு தடவை வந்து நின்றாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

உங்கள் பெண்டாட்டி,
தேவகி, டிரைவர்