ரூபனுக்கு எறியாத பந்து

ஞாயிறு, நவம்பர் 9

காலையில் தூறல், பிறகு வெயில், திரும்பவும் தூறல். உடுப்புக் காயவில்லை. என் மனுசன் பாலா புல் வெட்டப் போய் அரைவாசியில் திரும்பி வந்துவிட்டார்.

நேற்றைய ஆட்டத்தின் படம். தோற்றதை இன்னொரு முறை பார்ப்பதுதான் இந்தக் கிளப்பில் என் வேலை. ரொறன்ரோவில் படித்த காலத்தில் பிடித்த பைத்தியம் இந்த அமெரிக்கன் ஃபுட்போல். ஒக்லாண்டில் இதற்கு ஒரு கிளப் இருக்கிறது என்று தெரிந்ததும் போய் ஒட்டிக்கொண்டேன். ஏணியில் நின்று படம் எடுப்பேன். பிறகு பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கின் ஒவ்வொரு எறிதலுக்கும் சரி, பிழை போடுவேன். குவார்ட்டர்பேக் வேறு யாருமில்லை, சின்னம்மாவின் மகன் திரு.

பாலா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அவன் எறிஞ்சதைப் பிடிச்சிட்டினம்தானே? பிறகேன் பிழை போடுறீர்?"

"பிடிச்சது அதிர்ஷ்டம். அவன் எறிஞ்ச இடத்தில மற்றப் பக்கத்து ஆக்கள் மூண்டு பேர் நிண்டவங்கள்."

எத்தனை தரம் சொன்னாலும் இந்த மனுசனுக்கு ஏறாது. பந்து பிடிபட்டதா என்பது என் கேள்வி இல்லை. எறிகிறவனுக்கு ஒரு வரிசை கொடுத்திருக்கிறது. முதலில் இன்னாரைப் பார். அவனைச் சுற்றி எதிரணி நின்றால் அடுத்தவனைப் பார். அவனுக்கும் வழியில்லை என்றால் பக்கத்தில் நிற்பவனுக்குச் சின்னதாகக் கொடு. வரிசைப்படி பார்த்தானா, யாரும் மறிக்காமல் வெறுமையாக நின்றவனுக்கு நேரத்தோடு கொடுத்தானா? அவ்வளவுதான்.

நேற்று கொடுக்கவில்லை. மூன்றாம் பகுதியில் ஒன்று. திருவை யாரும் நெருங்கவேயில்லை. முதல் ஆள் இடப்பக்கம், இரண்டு பேர் மறித்து நிற்கிறார்கள். அடுத்தவன் ரூபன், நடுவில். அவனைச் சுற்றி ஒரு குருவிகூட இல்லை. கையை வேறு தூக்கிக் காட்டுகிறான். திரு இடப்பக்கமே எறிந்தான். எதிரணி பறித்துக்கொண்டு ஓடியது.

இதே மாதிரி இன்னும் சில. எல்லாவற்றிலும் வெறுமையாக நின்றது ரூபன். எலக்ட்ரீஷியன், யாழ்ப்பாணத்துப் பெடியன், அணியில் நல்ல ஓட்டக்காரன். அணியில் தமிழர் என்றால் இவர்கள் இரண்டு பேரும்தான்.

"பார்க்கவில்லை" என்று எழுதி வைத்தேன். அருவருப்பான ஆட்டம். இட்லிக்கு அரைக்க மறந்துபோனேன்.


திங்கள், நவம்பர் 10

ஹென்டர்சன் கிளினிக்கில் வேலை. நாள் முழுக்க ஸ்கேன் அறை. பித்தப்பைக் கற்கள், ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளைகள். காத்திருக்கும் இடத்தில் இரண்டு சென்னைப் பெண்கள்: "கல்யாணத்துக்கு அப்புறம் அவன் பாத்திரம் கழுவுறானாம். மாமியார் அழுறாங்களாம்."

மாலை, அதே ஆட்டத்தைப் பின்பக்கத்துக் கமராவில். அதில் எறிகிறவனின் தலைக்கவசம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும்.

திருவின் தலை நடுவுக்குத் திரும்புகிறது. நிற்கிறது. ரூபன் கையைத் தூக்குகிறான், தலை இன்னும் அங்கேயே நிற்கிறது. பிறகுதான் இடப்பக்கம்.

"பார்க்கவில்லை" என்பதை அழித்தேன். பார்த்தான். எறியவில்லை.

பழைய ஆட்டங்களையும் ஓடவிட்டேன். ஒக்டோபர் கடைசியில் வந்த லேபர் வீக்கெண்டுக்கு முன்னால் திரு அதிகம் எறிந்ததே ரூபனுக்குத்தான். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

அந்த வீக்கெண்டில்தான் திருவின் தங்கை அபி, ரூபனைக் கட்டப்போகிறேன் என்று வீட்டில் சொன்னாள். எனக்குப் போனில் சொன்னபோது நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், அவ்வளவு சந்தோஷம். மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மடைச்சி.


செவ்வாய், நவம்பர் 11

பயிற்சி. காற்று. மைதானம் சேறு. என் வெள்ளைச் சப்பாத்து போயிற்று.

திருவை அவன் கார் பக்கத்தில் பிடித்தேன்.

"சனிக்கிழமை நடுவில ரூபன் தனிய நிண்டவன். ஏன் குடுக்கேல்லை?"

"வெயில் கண்ணில அடிச்சது அக்கா."

"சனிக்கிழமை வெயிலே இல்லை, திரு."

சப்பாத்துச் சேற்றைக் கார் ரயரில் தட்டினான். "நீங்கள் ஃபுட்போலை மட்டும் பாருங்கோ."

"அதைத்தான் பாக்கிறன். எல்லாத்திலயும் அவனை வடிவாப் பாத்திட்டு மற்றப் பக்கம் எறியிறாய்."

"எனக்கு அவனில நம்பிக்கை இல்லை. அவ்வளவுதான்."

போன மாதம் வரை இருந்த நம்பிக்கை. சின்ன வயதில் நானே சாப்பாடு தீத்திய வாய். அறையலாம் போல இருந்தது.

எல்லோரும் போன பிறகும் ரூபன் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். ஓடுவது, சட்டென்று உள்ளே வெட்டுவது, திரும்புவது. மூச்சிரைக்க என்னிடம் வந்தான்.

"மைதிலி அக்கா, என்ர ஓட்டத்தில ஏதும் பிழையோ? பின்பக்கத்துக் கமராவில பாத்துச் சொல்லுங்கோ."

"இல்லை, ஓட்டம் சரி."

"அப்ப என்ன பிழை?"

மழை வரப்போகிறது, வீட்டுக்குப் போ என்றேன். கேவலம்.


வியாழன், நவம்பர் 13

வாங்க: தேங்காய்ப்பால், பிளாஸ்டர், பாலாவின் பிரஷர் மாத்திரை. காருக்கு வோரண்ட் பரிசோதனை.

சாப்பாட்டு இடைவேளையில் சின்னம்மாவின் போன். அவ தகனினி வீட்டில் இருந்து அழைத்தால் ஒரு மணித்தியாலம் நிச்சயம்.

"அபிக்கு நீதான் சொல்ல வேணும், மைதிலி. அவள் உன்ர சொல்லைக் கேப்பாள்."

"என்னத்தைச் சொல்ல? பெடியன் நல்லவன்."

"நல்லவன்தான். ஆர் இல்லையெண்டது? ஆனால் நாங்கள் விசாரிச்சனாங்கள். ரொறன்ரோவுக்கு எடுத்துக் கேட்டது. தகப்பன்ர ஊர் எங்கட ஊருக்குக் கிட்டத்தான். ஆனால் அவையள் அந்தப் பக்கத்து ஆக்கள்."

"எந்தப் பக்கத்து?"

"உனக்கு விளங்கும்தானே."

விளங்கியது. சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தேன். குண்டுக்குத் தப்பி, கடல் தாண்டி, இந்த நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்து, பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வீட்டில் இருந்துகொண்டு, இன்னொரு நாட்டுக்குப் போன் போட்டு ஒருவனுடைய தகப்பன் எந்தத் தெருவில், எந்த ஒழுங்கையில் பிறந்தான் என்று கேட்டிருக்கிறார்கள். ரூபனுடைய கையால்தான் சின்னம்மா வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பூட்டியது. அது வேலை செய்கிறது. அதைக் கழற்றச் சொல்லவில்லை.

"சின்னம்மா, எனக்கு ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்" என்று வைத்துவிட்டேன்.

மாலை கிளப்பில் தலைமைக் கோச் டேவுக்குப் படத்தைக் காட்டினேன். அவர் நினைத்தது திருவுக்குப் பார்வைப் பயிற்சி போதாது என்று. இல்லை, பார்க்கிறான், பார்த்துவிட்டுத்தான் விடுகிறான் என்றேன். ஏன் என்றார். சாதி என்பதற்கு ஆங்கிலச் சொல் தெரியும். அந்தச் சொல்லை டேவிடம் சொல்லும்போது எங்கள் வீட்டுக் கக்கூசைத் திறந்து காட்டுவது போல இருந்தது. சொன்னேன்.

தலையைச் சொறிந்தார். அது உங்கள் குடும்ப விஷயம், சனிக்கிழமை வென்றால்தான் அரையிறுதி, என்றார். இரண்டாவது குவார்ட்டர்பேக் லியாமை இறக்குங்கள் என்று கேட்டேன். லியாமுக்குத் தூரம் எறிய வராதாம். முடிவில் டேவ் கண்டுபிடித்த வழி: முதல் எறிதல் ரூபனுக்கு, கட்டளை. ஒரு தரம் எறிந்தால் எல்லாம் சரியாகிவிடுமாம்.

கட்டளையால் எறிகிறவனின் பந்து எப்படி வரும் என்று அவருக்குத் தெரியாதா?


சனி, நவம்பர் 15

வெயில், கொடும் காற்று. ஏணி ஆடியது.

முதல் எறிதல். ரூபன் ஓடி உள்ளே வெட்டினான். வெறுமை. கொடு, இப்போது கொடு. திரு பந்தை வைத்துக்கொண்டு நின்றான். தலை ரூபன் பக்கம்தான். நின்றான். கோட்டுக்கு வெளியே இருந்து டேவ் கத்தினார். அதற்குள் எதிரணிக்காரன் ஒருவன் ஓடி வரத் தொடங்கிவிட்டான். அப்போது எறிந்தான். உயரமாக.

ரூபன் இரண்டு கையையும் மேலே நீட்டிப் பாய்ந்தான். விலாவும் நெஞ்சும் திறந்தபடி. வந்தவன் தோளால் நேரே இடித்தான். அவன் மேல் பிழையில்லை, பந்து அங்கே வந்தது, அவனும் வந்தான். சத்தம் ஏணி வரை கேட்டது.

ரூபன் எழும்பவில்லை. அபி வேலியைத் தாண்டி ஓடினாள். அம்புலன்ஸ் புல்லுக்குள் வந்தது.

ஆட்டம் தொடர்ந்தது. திரு மற்றவர்களுக்கு அழகாக எறிந்தான். வரிசைப்படி பார்த்து, நேரத்தோடு, ஒரு பிழையில்லாமல். வென்றோம். எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். டேவ் கட்டிப்பிடித்தார். நான் ஏணியைச் சுமந்துகொண்டு அவர்களைக் கடந்து போனேன். ஒருவருக்கும் கை கொடுக்கவில்லை.


ஞாயிறு, நவம்பர் 16

படம் ஒரே ஒரு தரம். வேண்டுமென்று அடிபட வைத்தானா? இல்லை. அவ்வளவு கணக்குப் போடுகிறவன் இல்லை அவன். கொடுக்க மனமில்லாமல் நின்றான், கத்தியதும் பயத்தில் எறிந்தான். அந்த மனமில்லாத நேரத்துக்குள்தான் ரூபனின் எலும்பு போனது. எனக்கு இது வேண்டுமென்று செய்ததைவிடக் கேவலமாகத் தெரிகிறது. ஏன் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி. தோள்பட்டை எலும்பு முறிவு, விலாவில் வெடிப்பு. ஏணி ஏறிச் செய்யும் வேலை எல்லாம் இனி மாதக்கணக்கில் இல்லை. அபி கட்டில் ஓரத்தில், கண் வீங்கி. கோப்பி வாங்கக் கீழே போனாள்.

"ரூபன், நான் உமக்குச் சொல்லியிருக்க வேணும். அவன் உம்மைக் காணாமல் விடேல்லை. கண்டுதான்..."

"தெரியும் அக்கா."

"எப்ப இருந்து?"

"அபி வீட்டில சொன்னதுக்குப் பிறகு வந்த முதல் ஆட்டத்திலயே. ஊரில எங்கட அப்பாவைக் கோயிலடியில ஆக்கள் பாக்கிற பார்வை தெரியும். அதே பார்வைதான். தலைக்கவசத்துக்குள்ளால தெரியுது."

"அப்ப ஏன் செவ்வாய்க்கிழமை உம்மட ஓட்டத்தில பிழையோ எண்டு கேட்டனீர்?"

சிரிக்கப் பார்த்தான், விலா விடவில்லை.

"நான் சொன்னால் ரூபனுக்குப் பந்து வராத எரிச்சல், ரூபனுக்கு எல்லாத்திலயும் சாதி தெரியுது எண்டுதான் கதைப்பினம். அவையின்ர வீட்டு ஆள் ஒராள் பாத்துச் சொல்லட்டும் எண்டு நினைச்சனான்."

நான் பார்த்தேன். சொன்னேனா? ஒரு வெள்ளைக்காரரின் காதில் சொன்னேன். மழை வரப்போகிறது என்று ரூபனிடம் சொன்னேன்.

அபி வந்தாள். "அக்கா, நான் இனித் தகனினிக்குப் போகேல்லை. என்ர சாமானை எடுத்துத் தருவீங்களோ?"


செவ்வாய், நவம்பர் 18

வேலை முடித்து நேரே தகனினி. மோட்டார்வே நெரிசல், அரை வழியில் மழை.

வரும் வழியில் டேவின் செய்தி: அரையிறுதிக்கும் திருதான். நான் இனி வரவில்லை, வேறு ஆள் பாருங்கள் என்று காரில் இருந்தே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்கவும் இல்லை. ஏணி யாரிடம் என்று கேட்டார்.

சின்னம்மா அபியின் உடுப்பை மடித்துத்தான் வைத்திருந்தா. இரண்டு பெட்டி, ஒரு பை. தேத்தண்ணி வேண்டாம் என்றேன். ரூபனுக்கு எப்படி என்று கேட்பா என்று நின்றேன்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றா. "முருகன் பாத்துக்கொண்டுதான் இருக்கிறான்."

"ஓம் சின்னம்மா. நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். அந்தப் பெடியன் இந்த வீட்டுக்கு ஹீட் பம்ப் பூட்டினவன், உங்கட மகன் அவன்ர எலும்பை முறிச்சவன். காரணமும் எனக்குத் தெரியும். கேக்கிற எல்லாருக்கும் சொல்லுவன். ரொறன்ரோவுக்கும் எடுத்துச் சொல்லுவன்."

"ஐயோ, ஆக்களுக்குச் சொல்லாதை" என்றா. அதற்குத்தான் முகம் வெளிறியது. முறிந்த எலும்புக்கு இல்லை.

திரு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் வந்தான். எல்லாம் கேட்டிருப்பான்.

"அக்கா, நான் வேணுமெண்டு அப்பிடி எறியேல்லை."

"தெரியும். அதுக்கு முதல் எறியாமல் விட்டதெல்லாம்?"

பெட்டியைக் கார் டிக்கிக்குள் வைத்தான். மூடியைச் சாத்தப் போனவன் நின்றான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று ஒரு கணம் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

"டேவ் சொன்னவர். சனிக்கிழமை நீங்கள் வராட்டி, ஆர் அக்கா படம் எடுக்கிறது?"

பின்சீற்றில் கிளப்பின் கமராப் பை கிடந்தது. எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தேன்.