துருத்திக்கு ஊதத்தான் தெரியும்

டிராசிங்கன்
மார்ச் 3, 1958

அன்புள்ள லோரன்ஸ் தம்பிக்கு, அண்ணி ரோஸ்விதா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். கனடாவில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. பெட்டி நிறையப் பழைய மவுத் ஆர்கன்! "உலகத்துக்கே மவுத் ஆர்கன் நம்ம ஊர்லேருந்துதான் போகுது, உங்களுக்கு மட்டும் திரும்பி வருதா?" என்று தபால்காரர் கேலி செய்தார். செய்யட்டும். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை, தம்பி.

நுரையீரலில் கத்தி வைத்த பிறகு உங்கள் அண்ணனால் ஒரு மெழுகுவத்தியைக்கூட ஊதி அணைக்க முடியாது. ஆயுள் முழுக்க மவுத் ஆர்கன் தொழிற்சாலையில் சுதி சேர்த்த மனிதர் ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். பாட்டு இல்லாவிட்டால் இந்த ஆள் எனக்கு மிஞ்சமாட்டார் என்று பயந்துதான் உங்களுக்கு எழுதினேன். பெட்டியைத் திறந்ததும் எழுந்தார். ஊதாமல் விரலால் வாசிக்கும் ஆர்கன் ஒன்று செய்யப்போகிறேன் என்று அவற்றுக்குள் ஒலி எழுப்பும் ரீடு தகடுகளைக் கழற்ற ஆரம்பித்தார். என் அடுக்களை மேசை போயிற்று. தையல் மெஷினின் மிதிகட்டையும் போயிற்று. "துருத்திக்கு வேணும், ரோஸி"யாம்! தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதன்முதலாக மிதித்தபோது பாதிக் கட்டைகள் பாடின, பாதி வாயே திறக்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. அவரோ ஒரு தகட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மவுத் ஆர்கனில் ஒரு தகடு ஊதினால் பேசும், மற்றது உறிஞ்சினால் பேசும். பழக்க தோஷத்தில் அப்படியே மாட்டியிருக்கிறார். "துருத்தி ஊதும், உறிஞ்சுமா? நம்ம ஊர்க்காரனத் தவிர எவனும் இப்படி மாட்டமாட்டான்டி!" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். அந்தச் சிரிப்பு நீங்கள் கொடுத்தது, தம்பி.

தகடுகளைத் திருப்பி மாட்டிவிட்டார். இப்போது தினமும் வாசிக்கிறார். கல்யாண வீடுகளில் நீங்கள் இருவரும் வாசிப்பீர்களே, அந்த நடன மெட்டுதான். உங்கள் பாகம் வரும் இடத்தில் மட்டும் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். "அதையும் நீங்களே வாசிங்களேன், விரல்தான் பத்து இருக்கே" என்றேன். "அது அவன் இடம். நீ சும்மா இரு" என்றார்.

போன வாரம் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அதை இங்கே எழுதவில்லை. செர்ரி பூப்பதற்குள் கப்பல் கிடைக்குமா என்று விசாரியுங்கள். உங்கள் சொந்த மவுத் ஆர்கனை மட்டும் அனுப்பாமல் வைத்துக்கொண்டீர்களே, அதைக் கையோடு கொண்டு வாருங்கள்.

கடவுள் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். இந்த வாரம் துருத்தியை நான்தான் மிதிக்கிறேன்.

வழி பார்த்திருக்கும்
அண்ணி ரோஸ்விதா